மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால்

நம் வயசுக்காரர்களில் யாராவது அந்த நாளில் ராயபுரம் பக்கம் இருந்திருந்தால் இங்கிலீஷ் மாஸ்டரை மறந்திருக்க முடியாது. 'அறுபதே நாளில் ஆங்கிலம்' என்று பச்சைக் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து, ஜட்கா வண்டியில் தமுக்கு அடித்துக்கொண்டு, கல்மண்டபத்திலிருந்து காலடிப்பேட்டை வரைக்கும் வீசிக்கொண்டு போவார்களே, அந்த மாஸ்டர்தான். நோட்டீஸின் நடுவில் ஒரு சின்னப் பெண்ணின் படம் இருக்கும். இரட்டைப் பின்னல், ரிப்பன், வெள்ளைக் கவுன், கறுப்பு ஷூ. மசி அப்பிப்போய் முகம் மட்டும் சரியாகத் தெரியாது. அது நான்தான். இத்தனை வருஷமாக நான் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன் என்றால், கேட்டு மனசு உடையக்கூடிய ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதால்தான்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வெள்ளைக்காரனோடு அவன் பாஷையும் கப்பல் ஏறிவிடும் என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் நடந்தது நேர்மாறு. துரை எழுந்துபோன நாற்காலிக்கு ஆள் வேண்டுமாமே என்று ஹார்பர் குமாஸ்தா, ரயில்வே பிட்டர், வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை பாயின் மகன், தெற்கேயிருந்து வந்து மொத்த வியாபாரம் செய்கிறவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் மாஸ்டர் வாசலில் நின்றார்கள். அவருடைய பள்ளிக்கூடம் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை பிரித்தால் மேலே நாற்பது பேரும் ஒன்றாகத் தும்முவார்கள். தும்மியதும் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

மாஸ்டர் எங்கே படித்தவர் என்பது ஒரு பெரிய வழக்கு. லண்டன் என்று அவர் நோட்டீஸ் சொன்னது. ரங்கூனில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்து யுத்தத்தில் நடந்தே வந்தவர் என்று மண்டிக்காரர் சொன்னார். எண்ணூரில் ஒரு துரை பங்களாவில் பட்லராக இருந்தவர், துரை போன பிறகு அவருடைய கோட்டும் பேச்சும் இவருக்கு வந்துவிட்டன என்று வேறு சிலர் சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள் கூடி, இவர் பித்தலாட்டக்காரர் என்று எதிர் நோட்டீஸ் அடித்தார்கள். மறுநாளே மாஸ்டர் அதற்குப் பதில் நோட்டீஸ் அடித்தார். சண்டை முற்ற முற்றக் கூட்டம் சேர்ந்தது. எனக்கு நினைவிருப்பதெல்லாம் அவருடைய வெள்ளைக் கோட்டின் அந்துருண்டை வாசனையும், வாயில் எப்போதும் அடக்கியிருந்த கிராம்பும்தான்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் வாய்க்கொழுப்பால். எங்கள் தெருவில் யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவேன். மீன்காரம்மா, மாதா கோயில் சாமியார், ரயில்வே கேட்டில் கத்துகிறவர், ஒருத்தரையும் விட்டுவைத்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் மண்டி வாசலில் நின்று, மாடியிலிருந்து வந்த இங்கிலீஷை, நடுவில் அவர் இருமும் இருமலோடு சேர்த்து, ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மேலே ஜன்னலில் மூக்குக் கண்ணாடி தெரிந்தது. அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஏறினேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, இன்னொரு வாக்கியம் சொல்லி, அதையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். கோட்டுப் போட்ட ஒருத்தர் எங்கள் வீட்டுப் பலகையில் குந்தி, இந்தக் குழந்தைக்கு சம்பளம் இல்லாமல் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிறேன் என்றதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அம்மா மட்டும், சும்மா எதற்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டாள். நைனா அவளை முறைத்ததில் அந்தக் கேள்வி அன்றோடு முடிந்துபோயிற்று.

மாஸ்டர் எனக்கு எழுத்து ஒன்றுகூடக் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்தது சைகை. கோட்டுப் பொத்தானைத் தொட்டால் சென்னைப் பட்டணத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும். பேனா மூடியைத் தட்டினால் என் பெயர், வயசு, அறுபது நாளுக்கு முன்னால் எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது என்பது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் இரண்டு கையையும் கூப்பி, தலையைச் சாய்த்து, 'தி மிஸ்டேக் ஈஸ் மைன், சார். கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் மீ' என்று சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது, மன்னியுங்கள் என்று அர்த்தம். குமாஸ்தாக்கள் துரையிடம் பேசப் பழக வேண்டிய முதல் வாக்கியம் அதுதான் என்பார் அவர். கூட்டத்தில் அதிகமாகக் கைதட்டல் வாங்குவதும் அதுதான். அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. 'கேள்வியைக் காதால் கேட்காதே, கண்ணால் கேள்' என்று சொல்லிவைத்திருந்தார். இங்கிலீஷ் என்பதே அப்படித்தான் போலிருக்கிறது, எல்லா துரைமார்களும் ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், எனக்கு ஒன்பது வயசு.

கவுனும் ஷூவும் மாஸ்டருடையவை. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். ஷூ பெரிசாக இருந்ததால் முன்னால் காகிதம் அடைத்துக்கொள்வேன். ஒருநாள் அதன் வார் பிய்ந்துபோனது. நைனா ஹார்பரிலிருந்து ஒரு துண்டு செப்புக்கம்பி கொண்டுவந்து, தறியில் நெய்கிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து வாரைக் கட்டிக் கொடுத்தார். அந்த வேலைப்பாட்டை மாஸ்டரே மெச்சினார். அதைச் சொல்லிச் சொல்லி நைனா ஒரு வாரம் பூரித்துப்போனார்.

மீஞ்சூரில் ஒரு கூட்டம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர் நடுக்கூட்டத்தில் எழுந்து, என்னைப் பார்த்து நேராக ஏதோ இங்கிலீஷில் கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாராம். பிற்பாடு சொன்னார்கள். நான் மாஸ்டர் கையைப் பார்த்தேன். கை அசையவில்லை. திரும்பவும் கையையே பார்த்தேன். மாஸ்டர் ஒரு வினாடிகூடத் தயங்காமல், முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் அனுமதி இல்லாமல் பேசக்கூடாது என்று ஒழுக்கத்தோடு வளர்த்திருக்கிறேன், அதையும் இந்தப் பெரியவருக்கு நான்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது என்றார். கூட்டம் தட்டிய தட்டில் பந்தல் ஆடியது. அந்தத் தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு குனிந்த தலையோடு வெளியேறினார். ஜெயித்துவிட்டோம் என்று நான் வண்டியில் குதித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு என் பக்கம் நின்ற ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த மாசம் நைனாவின் வலது கை போயிற்று. மேலேயிருந்து பாரத்தை இறக்குகிறவன் விசில் ஊதிவிட்டுத்தான் இறக்க வேண்டும். அன்றைக்கு அவன் ஊதவில்லை. பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டி மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நைனாவின் சட்டைக் கையில் துணிப்பொட்டலம் மாதிரி ஒன்று தொங்கியது. சரக்குக் கம்பெனி விசாரணை வைத்தது. விசில் ஊதவில்லை என்று தீர்ந்தால் நைனாவுக்கு கேட் வாட்ச்மேன் வேலை உண்டு. ஊதியும் இவர்தான் கையை விட்டார் என்று தீர்ந்தால் வேலையும் இல்லை, வேறெதுவும் இல்லை. கூட வேலை செய்தவர்கள் தங்கள் பிழைப்புக்குப் பயந்து எதையும் பார்க்கவில்லை என்றுவிட்டார்கள்.

விசாரிக்கிறவர் இன்னும் ஊருக்குப் போகாத ஒரு துரை. இங்கிலீஷில்தான் நடக்கும். கம்பெனி குமாஸ்தா தமிழில் கேட்டு எழுதிக்கொள்வார் என்றார்கள். அந்தக் குமாஸ்தா கம்பெனி பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். தொழிற்சங்கத்தில் இருந்த மாமா ஒருத்தர், தானே கூட வந்து பேசுகிறேன் என்று வீடு தேடி வந்தார். அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனால் விஷயம் தெரிந்தவர்.

நைனா என்னைப் பக்கத்தில் இழுத்து நிற்கவைத்துக்கொண்டார். "எம்பொண்ணு கீதுபா. மூணாவது மன்சன் வாயி எனக்கு இன்னாத்துக்கு?"

சங்கத்து மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூத்து வேற, கேசு வேற மாமு. கொயந்தய இதுல இஸ்துவுடாத."

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே கைதட்டுகிறது, உனக்குப் பொறாமை என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். மாமா எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலமே நைனா என்னைக் கூட்டிக்கொண்டு மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் அவர் தோளில் கைவைத்து, நானே நேரில் வந்து பெண்ணின் பக்கத்தில் நிற்கிறேன், நீ தைரியமாக இரு என்றார். என் காதால் கேட்டேன்.

விசாரணை நாளில் கவுனும் ஷூவும் போட்டுக்கொண்டு போனேன். பெரிய மேஜை, தலைக்கு மேல் காற்றாடி, கழுத்து சிவந்த ஒரு துரை. மாஸ்டர் வரவில்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு தெரிந்தது, அன்றைக்குத் திருவொற்றியூரில் அவருடைய இரண்டாவது பள்ளிக்கூடம் திறப்பு விழா. துரைக்கு என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். குமாஸ்தாவை எழுதினால் போதும் என்று கையமர்த்திவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து மெதுவாக ஏதோ கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. நான் அவர் கையைப் பார்த்தேன். புழுக்கத்தில் அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். சென்னைப் பட்டணத்தின் பெருமையைக் கணீரென்று சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நைனாவும் சிரித்தார்.

பிறகு துரை சிரிப்பை நிறுத்தி, நைனாவின் சுற்றிய கையைக் காட்டி, நிதானமாக ஒரு நீண்ட கேள்வி கேட்டார். விசில் காதில் விழுந்ததா என்றுதான் கேட்டிருப்பார். வேறென்ன கேட்க இருக்கிறது. கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார்.

நான் கை கூப்பி, தலையைச் சாய்த்து, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில் சொன்னேன். "தி மிஸ்டேக் ஈஸ் மைன், சார். கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் மீ."

துரையின் முகம் மாறியது. இன்னொரு தரம் கேட்டார். கண்ணாடி அவர் கையிலேயே இருந்தது. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். குமாஸ்தா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். தமிழ் ஆள்தான் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து எழுதிவிட்டார். நைனா சிரித்த முகத்தோடு அந்தக் காகிதத்தில் இடது கைப் பெருவிரலை வைத்தார். திரும்பி வரும்போது வாங்கிக் கொடுத்த கமர்கட் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

பத்து நாளில் கடுதாசி வந்தது. சங்கத்து மாமாதான் மனசு கேட்காமல் வந்து படித்துச் சொன்னார். தப்பு தன்னுடையது என்று ஆள் தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டதால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. நைனா என்னைக் கேட்டார், நீ அப்படிச் சொன்னாயா என்று. நான் சத்தியம் செய்தேன், அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வரவே இல்லை என்று. பொய்ச் சத்தியம் இல்லை, எனக்குத் தெரிந்த வரை அது நிஜம். துரையும் குமாஸ்தாவும் சேர்ந்து பொய் எழுதிவிட்டார்கள் என்று நைனா முடிவு கட்டினார். சங்கத்து மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்திருக்கும். நல்ல மனுஷர், என்னைக் காட்டிக்கொடுக்காமல் எழுந்து போனார்.

அம்மா நைனாவுக்குத் தெரியாமல் என்னைக் கூட்டிக்கொண்டு மிளகாய் மண்டி மாடி ஏறினாள். குழந்தை அப்படிச் சொல்லவில்லை, எதையோ மாற்றி எழுதிவிட்டார்கள், நீங்கள் ஒரு தடவை வந்து துரையிடம் சொல்ல வேண்டும் என்றாள். வகுப்பில் நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் பெரிய ரிஜிஸ்டரை எடுத்து மேஜையில் விரித்தார்.

"இந்தப் பெண் என் மாணவியே இல்லை அம்மா. இதில் பேர் இருக்கிறதா, பாருங்கள்."

எப்படி இருக்கும்? சம்பளம் கட்டாதவர்கள் பெயர் அதில் ஏறாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஊரு ஊரா இட்டுகினு போயி படம் போட்டியே வாத்யாரே, அது யாரு பொண்ணு?" என்று கேட்டாள். மாஸ்டர் அவளைப் பார்க்காமல் வகுப்பைப் பார்த்து இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். சிலர் சிரித்தார்கள். இன்னா சொல்றாரு என்று அம்மா என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பார்த்தேன், அது சும்மா இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் படி இறங்கப்போகும்போது அவர் தமிழில் கேட்டார், ஷூ எங்கே என்று.

அந்த மனுஷரை நான் மன்னிக்கவில்லை. எழுபது தாண்டி எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்று சொல்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் பெரிய மனசு. அம்மா வழியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். "உங்க நைனாகிட்ட சொல்லாத. அந்த மன்சன் உன் இங்லீசு ஒண்ணத்தான் நம்பிகினு கீறாரு."

காலடிப்பேட்டையில் ஒரு ஒண்டுக்குடித்தனத்துக்குப் போனோம். அம்மா வாசலில் இட்லி சுட்டாள். நைனா பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பார். இடது கையால் கொடுக்கிறாயே என்று ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் இடது கையை நீட்டும்போது துணி சுற்றிய வலது கையை அதன்மேல் வைத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டார். நான் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே ஒரு டீச்சர், யாருக்கும் பெயர் தெரியாத டீச்சர், பூனை நாய் என்று ஒவ்வொரு எழுத்தாக ஆரம்பித்தார். மூன்றாவது வருஷம் ஒருநாள் யாரோ மசியைக் கொட்டிவிட்டார்கள். ஒரு பெண் எழுந்து, 'தி மிஸ்டேக் ஈஸ் மைன், டீச்சர்' என்றாள். டீச்சர் அதற்கு அவளைக் கண்டித்தார். நான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். நைனாவின் கையெழுத்தாக விழுந்த அந்தப் பெருவிரல் ரேகைக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வருஷமே திருவொற்றியூர் சன்னதித் தெருவில் மாஸ்டருக்குப் பாராட்டு விழா வந்தது. அதற்குள் அவருக்கு ஏழெட்டு பள்ளிக்கூடம். நம்ம மாஸ்டரு, போகாம இருந்தா நல்லா இருக்காது என்று நைனா வெளுத்த வேட்டி கட்டிக் கிளம்பிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நானும் போனேன். மேடையில் இரட்டைப் பின்னலோடு ஒரு புதுக் குழந்தை. நைனா என் தோளைத் தட்டி அதன் காலைக் காட்டினார். அந்த ஷூவின் வாரில் அவர் கட்டிய செப்புக்கம்பி விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குழந்தை கை கூப்பித் தலையைச் சாய்த்துச் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள். நைனா தட்டவில்லை. அவரால் தட்ட முடியாது. என் பக்கம் குனிந்தார்.

"நீயும் அன்னிக்கி தொரகிட்ட இதத்தானே சொன்ன? இதுக்கு இன்னா அர்த்தம்?"

நான் நிஜத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது. "எங்க நைனா மேல தப்பு இல்ல, நாயம் பண்ணுங்கன்னு அர்த்தம்."

"அப்ப நீ சரியாத்தான் சொல்லிகினு இருந்த. அந்தத் தொரதான் பேமானி" என்றார். மூன்று வருஷத்துப் பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விழா முடிந்து மாஸ்டர் இறங்கி வரும்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், அவசரத்தில் வலது கையைச் சேர்க்க மறந்து, இடது கையால் அவருக்கு சலாம் வைத்துவிட்டார்.

மாஸ்டருக்கு நைனாவைத் தெரியவில்லை. என்னையும் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். இடது கையால் கும்பிடுகிற இந்த மிருகங்களுக்கு யாராவது மரியாதை கற்றுத்தர வேண்டும் என்றார். இந்தத் தடவை நான் அவர் கையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

நைனா ஆசையோடு என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்றாரு மாஸ்டரு?"

"உன்ன ஞாபகம் கீதாம் நைனா. நல்லா இருக்கணும்னு சொல்றாரு" என்றேன்.

நைனா அதைக் கடைசி வரைக்கும் இட்லி வாங்க வந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.